உழவாளுக்குச் சோறு போட்டது யார்? விக்டோரியா காலத்து ஸ்காட்லாந்தின் மூன்று ஏற்பாடுகள்

விக்டோரியா அரசியின் காலத்தில் (1837–1901) ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதிப் பண்ணைகளில், ஏர்க்குதிரைகளை ஓட்டிய ஆட்களை எங்கே தங்கவைப்பது, அவர்களுக்கு யார் சமைப்பது என்ற கேள்விக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறு விடை இருந்தது. ரொக்கக் கூலியை மட்டும் வைத்து இவற்றை எடைபோட முடியாது. கூலியின் பெரும்பங்கு உணவுப்பொருளாகவும் உறைவிடமாகவும் வந்தது. அப்பொருளை உணவாக்கிய உழைப்போ பெரும்பாலும் ஒப்பந்தப் பேச்சிலேயே இடம்பெறவில்லை.

ஆங்கஸ், பெர்த்ஷயர் வட்டாரப் பெரும்பண்ணைகளில் மணமாகாத ஆண்கள் ‘பொத்தி’ எனப்பட்ட தனிக் கொட்டகையில் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 410 கிலோ ஓட்ஸ் மாவும் அன்றாடம் பாலும் படியாகக் கிடைத்தன. சமைத்துத் தர ஆள் இல்லை. ஆகவே, உழுது களைத்துத் திரும்பியவன் மாவில் உப்பிட்டு, கொதிநீர் ஊற்றிக் கிளறி, ‘புரோஸ்’ என்ற பெயரில் மூன்று வேளையும் அதையே உண்டான். முதலாளியின் கண் படாத மாலைப்பொழுதுகள் மட்டுமே அவனுக்கு மிஞ்சிய ஆதாயம்.

அபர்தீன்ஷயர், பான்ஃப்ஷயர் பகுதிகளில் ஆட்கள் ‘சாமர்’ என்ற, குதிரை லாயத்தை ஒட்டிய அறையில் உறங்கினாலும், உண்பதற்குப் பண்ணைவீட்டுச் சமையலறைக்கு வந்தார்கள். கஞ்சியும் ஓட்ஸ் ரொட்டியும் சூடாகக் கிடைத்தன. அவற்றைச் செய்தவர்கள் பண்ணைக்காரரின் மனைவியும் வேலைக்காரப் பெண்ணும். பொத்தி ஒழுக்கக்கேட்டை வளர்க்கிறது என்று ஜேம்ஸ் பெக் போன்ற பாதிரியார்கள் கடுமையாகச் சாடினார்கள். ஆனால் 1855இல் கட்டாயப் பிறப்புப் பதிவு தொடங்கியபின், திருமணத்துக்குப் புறம்பான பிறப்புகள் மிகுந்திருந்த இடங்களாக வெளிப்பட்டவற்றில் பான்ஃபும் அபர்தீனும் முன்னணியில் நின்றன. அவை சாமர் வட்டாரங்கள் என்பதால், பொத்தியைக் குற்றம் சொன்னவர்களுக்கு இது சங்கடமான கணக்குத்தான்.

தென்கிழக்கில், பெர்விக்‌ஷயர், லோதியன் பண்ணைகளில், ‘ஹைண்ட்’ எனப்பட்ட குடும்பஸ்தனை ஓராண்டுக்கு அமர்த்தினார்கள். குடிசை, ஒரு பசுவுக்கான தீவனம், உருளைக்கிழங்கு பயிரிட நிலம், ஓட்ஸ், பார்லி, பட்டாணி ஆகியவை சேர்ந்ததே அவன் கூலி. சாப்பாட்டை மட்டும் பார்த்தால் மூன்றிலும் இதுவே சிறந்தது. ஆனால் வயல்வேலைக்கு ‘பாண்டேஜர்’ என்ற பெண்ணாள் ஒருத்தியையும் அவனே தரவேண்டும். வயதுவந்த மகள் இல்லாவிட்டால், அயலாள் ஒருத்தியைக் கூலிக்குப் பிடித்து, பெரும்பாலும் ஒரே அறையாக இருந்த தன் குடிசையிலேயே தங்கவைத்துச் சாப்பாடும் போடவேண்டும். பண்ணைக்காரர் அவளுக்காகத் தந்த நாட்கூலி அந்தச் செலவுக்கே போதாது என்பது ஹைண்டுகளின் தீராத முறையீடு. 1860களில் எதிர்ப்பு வலுத்து, இந்த நிபந்தனை மெல்லத் தளர்ந்தது.

இளைஞனுக்கு நான் சாமரையே பரிந்துரைப்பேன். அங்கே ஒப்பந்தம் ஆறு மாதந்தான். சமையல் மோசமென்றால், மே மாதத்திலோ நவம்பரிலோ கூடும் ஆள்பிடிக்கும் சந்தையில் வேறு பண்ணை தேடிக்கொள்ளலாம். குடும்பஸ்தனுக்கு ஹைண்ட் முறையே மேல், ஆனால் அவன் மனைவியைக் கேட்டால் விடை மாறக்கூடும். பசுவைக் கறந்து, ரொட்டி சுட்டு, பாண்டேஜருக்கும் சமைத்துப் போட்ட அவள், குடிசை வாடகைக்கு ஈடாக அறுவடைக் காலத்தில் தானும் வயலில் இறங்கிக் கதிர் அறுக்க வேண்டியிருந்தது.