தீபாவளிக்குள் வீட்டை முடித்துத் தருகிறேன் என்றவர்

புயல் காலத்தில், ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் வாழும் நம்மவர்கள் வானிலைப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கட்டும். புயல் போன பிறகு வீட்டைச் சரிசெய்து தருகிறோம் என்று டிரக்கில் வந்து இறங்குகிற ஒப்பந்ததாரர்களைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல். நாங்கள் இருந்தது டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே, பார்க்கர் நீர்த்தேக்கத்தின் மேல்புறம். மழை இல்லாத காலத்தில் வெறும் புல்வெளியாகவும் பூங்காவாகவும் கிடக்கும் இடம் அது. அணையின் வயிற்றுக்குள் வீடு வாங்கியிருக்கிறோம் என்பது தண்ணீர் படியேறிய அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. ஆகஸ்டு 28 அதிகாலையில் பார்க்கர், பக்கத்து நீர்த்தேக்கமான அடிக்ஸ் இரண்டையும் திறந்துவிட்டார்கள். அப்படியும் எங்கள் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் மீன்பிடிப் படகில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார். மாமியாரின் சர்க்கரை மாத்திரைகள், பாஸ்போர்ட்டுகள் இருந்த பிளாஸ்டிக் பை, மகளின் வயலின். எங்களோடு வந்தவை அவ்வளவுதான்.

வெள்ளக் காப்பீடு எங்களிடம் இல்லை. எங்கள் தெரு வெள்ள அபாய வரைபடத்துக்குள் வராததால் கடன் கொடுத்த வங்கி அதைக் கேட்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்கு ஒரு காசும் தராது. வெள்ளக் காப்பீட்டை எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்தே அது செல்லுபடியாகும், ஆகவே புயல் படத்தில் தெரிந்த பிறகு ஓடிப்போய் எடுத்துப் பயனில்லை. மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா தரும் உதவிக்கு அந்த ஆண்டில் உச்சவரம்பு 33,300 டாலர். எங்களுக்கு வந்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இரண்டு அறை வாடகை வீட்டில் ஐந்து பேர். இங்கே வாடகை, அங்கே வீட்டுக் கடன் தவணை. மாமியார் தினமும் காலையில் காப்பியைக் கையில் வாங்கியதும் "இன்னிக்கு நம்ம வீட்டுக்குப் போயிடலாமா அம்மா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்ற தவிப்புத்தான் என்னைக் கவிழ்த்தது.

செப்டம்பர் நடுவில் தண்ணீர் வடிந்து, தெருவோரம் முழுக்கச் சோபாக்களும் மெத்தைகளும் குவிந்து நாறிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். வேறு மாநில எண் பலகை போட்ட வெள்ளை டிரக். கதவில் நிறுவனத்தின் பெயர், ஆனால் அது பெயிண்ட் இல்லை, ஒட்டி எடுக்கிற காந்தத் தகடு. அதை அன்றே பார்த்தேன், பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மனிதர் அவ்வளவு பணிவு. மாமியாருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். "எதற்கு இவ்வளவு அவசரம்?" என்று என்னிடம் கேட்டார். அக்டோபர் 18 எங்களுக்குத் தீபாவளி என்று நானே சொன்னேன். அதை எப்படி எழுதுவது என்று எழுத்துக் கூட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒப்பந்தத்தாளில் 'முடிக்கும் நாள்' என்ற இடத்தில் அக்டோபர் 15 என்று எழுதினார். "மூன்று நாள் முன்னாலேயே கொடுத்துவிடுகிறேன், நீங்கள் பலகாரம் செய்ய வேண்டுமே" என்றார்.

மொத்தம் 22,000 டாலர், முன்பணம் 9,000. என் கணவர் அந்த வாரம் வேலைக்காக டாலஸில் இருந்தார். டிரக்கின் சூடான பானெட் மேல் தாளை வைத்து நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன். காசோலையில் பெயர் எழுதப் போனபோது, "அதை விடுங்கள், நிறுவனத்தின் ரப்பர் முத்திரை இருக்கிறது, நானே போட்டுக்கொள்கிறேன்" என்றார். வங்கியில் பிறகு நகல் வாங்கிப் பார்த்தபோது அதில் முத்திரை ஏதும் இல்லை, நான் கேள்விப்படாத ஒரு தனிமனிதரின் பெயர் பேனாவில் எழுதியிருந்தது.

வேலை நடக்காமல் இல்லை. நான்கு பேர் வந்து மூன்றே நாளில் ஷீட்ராக் என்கிற ஜிப்சம் பலகைச் சுவரை அடியிலிருந்து வெட்டி எடுத்தார்கள். இரண்டு மின்விசிறி வைத்தார்கள். ஐந்தாம் நாளே புதிய பலகை அடித்து, வெள்ளைப் பூச்சும் அடித்துவிட்டார்கள். எனக்கு ஆனந்தம். படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். சமையலறை அலமாரிகளுக்கு என்று இன்னொரு 4,500 கேட்டார், கொடுத்தேன். அக்டோபர் 11க்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

தீபாவளியன்று வாடகை வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். மாமியார் அன்று எதுவும் கேட்கவில்லை.

நவம்பரில் இன்னொருவரை அழைத்துவந்தோம், இந்த முறை எங்கள் கவுண்டியிலேயே (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பல வருடங்களாகத் தொழில் செய்பவர். அவர் இரண்டு ஊசி நீட்டிய சிறிய ஈரமானியைப் புதுச் சுவருக்குள் குத்தினார். 31 காட்டியது. "சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வராமல் பலகை அடிக்கவே கூடாது" என்றார். ஒரு சதுரம் வெட்டி எடுத்துக் காட்டினார். உள்ளே பலகையின் பின்புறம் முழுக்கக் கரும்பச்சையாக, பூனை முடிபோல் பூஞ்சணம். வெப்பம் தடுக்கச் சுவருக்குள் வைக்கும் பழைய பஞ்சு உறையைக்கூட மாற்றாமல் அப்படியே மூடியிருந்தார்கள். கையால் பிழிந்தபோது தண்ணீர் சொட்டியது. நான் படம் எடுத்து அனுப்பிய சுவர் அதுதான். எல்லாவற்றையும் மறுபடி பெயர்த்தோம்.

புகார் கொடுக்கப் போகிறோம் என்று குறுஞ்செய்தி அனுப்பியதும் காணாமல்போன டிரக் ஐயாவுக்கு உடனே உயிர் வந்தது. மீதிப் பணம் தராவிட்டால் வீட்டின் மேல் பாத்தியதை போட்டு, விற்கவே முடியாமல் செய்துவிடுவதாகப் பதில். இரண்டு இரவு தூக்கம் இல்லை. இலவசச் சட்ட உதவி முகாமில் ஒரு வழக்கறிஞர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டின் மேல் பழுதுபார்ப்பவர் அப்படி உரிமை கோர வேண்டுமென்றால் கணவன், மனைவி இருவர் கையெழுத்தும் வேண்டுமாம். என் அவசரம் எனக்கே உதவிய ஒரே இடம் அது.

அவர் சொன்ன மற்ற இரண்டு விஷயங்களை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. பேரிடருக்குப் பிறகு சீரமைக்க வரும் வெளியூர் ஒப்பந்ததாரர், அதாவது அந்தக் கவுண்டியிலோ பக்கத்துக் கவுண்டியிலோ குறைந்தது ஓராண்டாக அலுவலகம் இல்லாதவர், வேலை தொடங்கும் முன் ஒரு டாலர்கூட முன்பணம் கேட்கக் கூடாது. 2011 முதல் டெக்சாஸில் இது சட்டம். இதைத் தடித்த எழுத்தில் ஒப்பந்தத்திலேயே அச்சிட்டிருக்கவும் வேண்டும். என்னுடையதில் அந்த வரியே இல்லை. இன்னொன்று, டெக்சாஸில் மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், ஏசி பணியாளர் ஆகியோருக்கு மாநில உரிமம் உண்டு, பொது ஒப்பந்ததாரர்களுக்குக் கிடையாது. அப்படியிருக்க அந்த டிரக்காரர் 'உரிம எண்' என்று ஒரு நீள எண்ணை எனக்கு அட்டையில் காட்டினார்! அது என்ன எண் என்று இன்றுவரை நான் கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் தேவாலயத் தொண்டர்கள் வந்து ஈரச் சுவரை இலவசமாகப் பெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கும் சேர்த்துத்தான் 13,500 டாலர்.

ஃபீமா ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கட்டணம் கேட்டாரே என்று ஒரு தோழி பிறகு சொன்னாள். ஃபீமா விண்ணப்பத்துக்கோ ஆய்வுக்கோ கட்டணமே கிடையாது. கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும், பேரிடர் மோசடிகளுக்கான தேசிய மையத்திலும் (866-720-5721) புகார் செய்தேன். பணம் வரவில்லை. 2018 மார்ச்சில் வீட்டுக்குத் திரும்பினோம். ஒப்பந்தத்தையும் காசோலை நகலையும் எடுத்து வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடப் போகிறவர் யாராவது ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், பெயர்களை மறைத்து அனுப்புகிறேன்.