கார்பன் என்று சொல்லி விற்கப்பட்ட அலுமினிய ட்ரைபாட்: வாங்குவோர் கவனத்திற்கு

எடை குறைந்த மிரர்லெஸ் கேமராவுக்குப் பயண ட்ரைபாட் (கேமராவைத் தாங்கும் மடக்கு முக்காலி) வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் அதன் ஒரு காலைக் கழற்றி, குழாயின் உட்புறத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். சென்னையில் கேமரா துணைப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில், முழுக்க கார்பன் ஃபைபர் (எடை குறைந்த, விறைப்பான கரிம இழை) என்று உறுதி சொல்லி எனக்கு 9,800 ரூபாய்க்கு விற்கப்பட்ட ட்ரைபாட், உண்மையில் கார்பன் பின்னலைப் போல அச்சிட்ட படலம் சுற்றப்பட்ட அலுமினியக் குழாய். அதே கடையில் சாதாரண அலுமினிய ட்ரைபாட் அதில் பாதி விலைக்குக் கிடைத்தது.

நான் பயன்படுத்துவது சோனி ஏ6400. பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 403 கிராம்தான். அதனுடன் வரும் 16-50 மி.மீ. லென்ஸைப் பொருத்தினாலும் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். இதைச் சொன்னவுடன் விற்பனையாளர், பெட்டியில் அச்சிட்டிருந்த '15 கிலோ தாங்கும்' என்ற வரியைக் காட்டி, இனி எந்தக் கவலையும் வேண்டாம் என்றார். அந்த எண்ணை நம்பி யாரும் ட்ரைபாட் வாங்க வேண்டாம். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் சோதித்து அதை அச்சிடுவதில்லை. மேலும், எடையைத் தாங்குவது வேறு, காற்றில் அதிராமல் நிற்பது வேறு. நிலைத்தன்மையைத் தீர்மானிப்பது கால்களின் விறைப்பு. குழாயின் சுவர்த் தடிமன் மாறாமல் இருந்தால், விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப அந்த விறைப்பு கூடும் என்பதால், 14 மி.மீ. குழாயைவிட 18 மி.மீ. குழாய் இரண்டு மடங்குக்கும் மேல் வளைவை எதிர்க்கும். ஐந்து அடுக்குக் கால்கள் மடிக்கும்போது சிறிதாகிப் பைக்குள் அடங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வோர் அடுக்கும் முந்தையதற்குள் நுழைய வேண்டியிருப்பதால் கடைசி அடுக்கு மிகவும் மெலிந்துவிடுகிறது. எனக்கு விற்கப்பட்டதும் அந்த வகைதான்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் விடியலுக்கு முன், 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை இரண்டு, மூன்று வினாடி எக்ஸ்போஷரில் (அவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விட்டு) எடுக்க முயன்றபோது அதன் தரம் தெரிந்துவிட்டது. காற்றில் கால்கள் அதிர்ந்துகொண்டே இருந்தன. பையைத் தொங்கவிட்டு நிலைப்படுத்தலாம் என்று நடுத்தண்டின் அடியில் இருந்த கொக்கியில் மாட்டியபோது, பசையால் ஒட்டப்பட்டிருந்த அந்தக் கொக்கியே கையோடு வந்துவிட்டது. கேமராவை எந்தப் பக்கமும் சாய்த்து நிறுத்த உதவும் பந்து வடிவ மேற்பகுதியான பால் ஹெட்டை எவ்வளவு இறுக்கினாலும், கையை எடுத்த பிறகு கேமராவின் முகம் மெல்லத் தாழ்ந்தது. ஒரு படம்கூடத் துல்லியமாக அமையவில்லை. கடல் மணலில் பயன்படுத்திய ட்ரைபாடை நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும் என்பதால், அறைக்குத் திரும்பிக் கால்களைக் கழற்றினேன். மணல் உராய்ந்த இடங்களில் படலம் உரிந்திருந்தது. குழாயின் உட்புறம் முழுவதும் வெள்ளி நிறத்தில் பளபளத்தது. உண்மையான கார்பன் குழாய் உள்ளேயும் கருப்பாகவே இருக்கும். பெட்டியில் 1.1 கிலோ என்று போட்டிருந்த பொருளை மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது 1.6 கிலோ காட்டியது.

நான் அலுமினியத்தைக் குறை சொல்லவில்லை. குறைந்த செலவில் வாங்க நினைப்பவர்களுக்கு, நான்கு அடுக்குக் கால்களும் உலோகத்தாலான மேல் இணைப்பும் கொண்ட அலுமினிய ட்ரைபாடே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. அதைக் கார்பன் என்று சொல்லி இரட்டிப்பு விலை வாங்குவதுதான் மோசடி. கடையிலேயே கால்களை முழுவதும் நீட்டி, நடுத்தண்டை உயர்த்தாமல் உங்கள் கேமராவைப் பொருத்துங்கள். திரையில் காட்சியைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒரு காலை விரலால் தட்டினால், அதிர்வு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பது கண்ணெதிரே தெரியும். நடுத்தண்டை உயர்த்தினால்தான் கண் மட்டத்துக்கு வரும் என்றால் அந்த உயரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கேமராவின் அடியில் பொருத்தும் தட்டு, பல நிறுவனங்களும் பின்பற்றும் பொது அமைப்பான ஆர்க்கா-சுவிஸ் வகையைச் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். எனக்குக் கொடுக்கப்பட்டது வேறு எதிலும் பொருந்தாத அளவு, தொலைந்தால் மாற்று கிடைக்காது. இவற்றைச் செய்து பார்க்க அனுமதிக்காத கடையில் வாங்கவே வேண்டாம்.

திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. இதை எடுத்துச் சொன்ன பிறகும், ரசீதில் 'ட்ரைபாட் - 1' என்று மட்டும்தானே இருக்கிறது, கார்பன் என்று நாங்கள் எங்கே எழுதிக் கொடுத்தோம் என்று வாதிட்டார்கள். எனக்குத் துணையாக இருப்பது பெட்டிதான்; அதில் 'கார்பன் ஃபைபர்' என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ஆகவே மாடல் எண்ணையும் மூலப்பொருளையும் ரசீதில் எழுதித் தரும்படி கட்டாயம் கேளுங்கள். ரசீது இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று யாராவது சொன்னால் அதற்கு இணங்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்தேன். அதன் பிறகு கடையிலிருந்து அழைத்து, அதே விலைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பணம்தான் வேண்டும் என்று மறுத்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்கிறேன். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நாமே முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே போன்ற 'கார்பன்' ட்ரைபாட் உங்களிடமும் இருந்தால், இன்றே ஒரு காலைக் கழற்றி உட்புறத்தைப் படம் எடுத்து, ரசீதோடும் பெட்டியோடும் பத்திரமாக வைத்திருங்கள்.