டெண்டர் நிராகரிக்கப்பட்டால் கோட்டைக்கா, கோர்ட்டுக்கா?

தமிழ்நாட்டு அரசுத் துறை ஒன்றில் போட்ட டெண்டர், விலைப்புள்ளியைத் திறப்பதற்கு முன்பே தொழில்நுட்பத் தகுதிக் கட்டத்தில் தள்ளப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இணையதளத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். காரணம் கேட்டால் அலுவலகத்தில் வாய்வார்த்தையாக ஏதோ சொல்வார்கள். அன்று மாலையே ஆலோசனைகள் வரத் தொடங்கும். ஒருவர் ‘கோட்டைக்கு அப்பீல் போடு’ என்பார். இன்னொருவர் ‘அதெல்லாம் வேஸ்ட், நேரே ஹைகோர்ட்டில் ஸ்டே வாங்கு’ என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி. எந்தக் கதவைத் தட்டுவது என்பது உங்கள் கோபத்தைப் பொறுத்ததல்ல, நிராகரிப்புக்குச் சொல்லப்பட்ட காரணத்தைப் பொறுத்தது.

அதனால் முதல் வேலை அந்தக் காரணத்தை எழுத்தில் வாங்குவது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன் 10-ஆம் பிரிவு, யாருடைய டெண்டர் ஏற்கப்பட்டது, மற்றவை ஏன் நிராகரிக்கப்பட்டன என்ற விவரத்தை டெண்டர் அறிவிப்பிதழுக்கு அனுப்பச் சொல்கிறது. அது வரட்டும் என்று காத்திருக்காமல், அன்றைக்கே காரணத்துடன் உத்தரவு கேட்டு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பிவிடுங்கள். ஒரு காரணம் எழுத்தில் வந்துவிட்டால், துறை பிறகு வேறு காரணத்தைக் கண்டுபிடித்துச் சேர்க்க முடியாது. ஓர் உத்தரவை அதில் எழுதியிருக்கும் காரணத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும், பின்னால் பிரமாண வாக்குமூலம் போட்டு அதற்கு முட்டுக்கொடுக்கக் கூடாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது.

இப்போது கோட்டை வழி. அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். நடைமுறையில் இது துறைச் செயலாளரின் மேசைக்குப் போகும். அங்கேயே இடைக்கால உத்தரவும் கேட்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். மனு நிலுவையில் இருக்கும்போதே வேலை உத்தரவு இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது. அப்புறம் மனு வெறும் காகிதம்.

கோட்டை வழியின் பெரிய பலம், உங்கள் ஆவணம் சரியா தவறா என்பதையே அங்கே பேசலாம் என்பதுதான். ‘இந்த அனுபவச் சான்றிதழில் உள்ள வேலை, டெண்டரில் கேட்ட அதே வகை வேலைதான்’, ‘வங்கியின் சால்வென்சி சான்றிதழ் (பண வசதி இருக்கிறது என்று வங்கி தருவது) தேதி செல்லும்’, ‘விற்றுமுதல் கணக்கை நீங்கள் தப்பாகக் கூட்டிவிட்டீர்கள்’ என்றெல்லாம் வாதிடலாம். பலவீனமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தீர்ப்புச் சொல்பவர் அதே துறையின் தலைமையில் இருப்பவர். கீழே உள்ள கண்காணிப்புப் பொறியாளர் எடுத்த முடிவை மேலிடம் புரட்டிப்போடுவது அடிக்கடி நடப்பதில்லை. உங்கள் பழைய பில்லும் அதே அலுவலகத்தில்தான் நிற்கிறது என்ற பயம் வேறு. அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் கோர்ட்டுக்குப் போனால் மட்டும் அது போய்விடுமா என்ன?

கோர்ட் வழி என்றால் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் ரிட் மனு, அதாவது அரசின் முடிவை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, வேலை நடக்கும் மாவட்டத்தைப் பொறுத்து. நீதிபதி துறைக்கு வெளியே இருப்பவர், ஸ்டே கிடைத்தால் எல்லாம் நிற்கும் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் அவர் பார்க்கும் விஷயமே வேறு. 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் தொடங்கி, கோர்ட் முடிவெடுத்த விதத்தைத்தான் பார்க்கும், முடிவையே மறுபடி எடுத்துக் கொடுக்காது. ஜக்தீஷ் மண்டல் வழக்கில் இதை இரண்டு கேள்விகளாகச் சுருக்கிவிட்டார்கள். உள்நோக்கமோ, யாருக்காவது சலுகையோ, எந்த நியாயமான அதிகாரியும் எடுக்காத அளவு தாறுமாறான முடிவோ இருக்கிறதா? அப்படியே இருந்தாலும் பொதுநலன் பாதிக்கப்படுகிறதா? டெண்டர் நிபந்தனைக்கு இரண்டு அர்த்தம் கொள்ள முடிந்தால், அதை எழுதியவர் சொல்லும் அர்த்தத்தையே கோர்ட் பெரும்பாலும் ஏற்கும். 2016-இல் நாக்பூர் மெட்ரோ தொடர்பான ஆஃப்கான்ஸ் வழக்கின் சாரம் அது. ஆக, ‘என் சான்றிதழ் போதும்’ என்ற ஒரே வாதத்தோடு ரிட் போடுவது வீண்செலவு. 11-ஆம் பிரிவு இருக்க இங்கே ஏன் வந்தீர்கள் என்ற கேள்வியும் முதல் நாளே வரும்.

ஸ்டே கதையும் மாறிவிட்டது. 2022-இல் ஜார்க்கண்ட் சாலைப் பணி தொடர்பான என்.ஜி. பிராஜக்ட்ஸ் வழக்கில், இப்படிப்பட்ட பணிகளுக்குத் தடை போடத் தயங்க வேண்டும், தவறு நடந்திருந்தால் நஷ்டஈட்டை நோக்கி அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-இல் திருத்திய குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டமும் (Specific Relief Act) உள்கட்டமைப்புப் பணிகளை நிறுத்தும் தடைக்கு எதிராகவே இருக்கிறது. சாலை, பாலம் என்றால் ஸ்டே எளிதில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் கோர்ட் யாருக்கு? டெண்டரில் இல்லாத நிபந்தனையைச் சொல்லி நிராகரிக்கப்பட்டவருக்கு. இன்னும் வலுவாக, தன்னை எந்தக் குறைக்காகத் தள்ளினார்களோ அதே மாதிரிக் குறையை ஜெயித்தவருக்கு மன்னித்திருக்கிறார்கள் என்று காட்ட முடிந்தவருக்கு. 2024 அக்டோபரில் பன்ஷிதர் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில், ஒருவரைத் தகுதி நீக்கிவிட்டு மற்றவரின் குறையைக் கண்டுகொள்ளாமல் விட்ட பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அங்கேயும் வேலை மனுதாரர் கைக்கு நேராக வரவில்லை, புதிதாக டெண்டர் விடலாம் என்றுதான் வழி திறந்தது. கோர்ட்டில் ஜெயிப்பதற்கும் வேலை கிடைப்பதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை வக்கீல் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் நல்லது.

சின்னக் குறைக்காரர்கள் எல்லோரும் தூக்கிக்கொண்டு வரும் தீர்ப்பு 1991-இன் பொட்டார் ஸ்டீல். டிடி கேட்ட இடத்தில் வங்கி சான்றளித்த காசோலை கொடுத்ததைப் பெரிய குறையாக எடுக்க வேண்டியதில்லை என்றது அது. அதில் காசோலை கொடுத்தவரைத் துறையே ஏற்றுக்கொண்டிருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. துறை மன்னிக்கலாம் என்கிறது அந்தத் தீர்ப்பு, மன்னித்தே ஆக வேண்டும் என்று அல்ல.

நிபந்தனையே அநியாயம் என்பது உங்கள் புகாரானால் டெண்டர் போடுவதற்கு முன்பே கிளப்ப வேண்டும். அப்படிக் கிளப்புவதிலும் ஆபத்து உண்டு. மதுபாட்டில்களுக்கான ஹாலோகிராம் ஸ்டிக்கர் டெண்டரில் நிபந்தனைகளை எதிர்த்தவர்கள் உயர் நீதிமன்ற அமர்வில் ஜெயித்து, 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்று, எதிர்த்தரப்பின் வழக்குச் செலவையும் கட்ட வேண்டியதாயிற்று.

தகவல் உரிமைச் சட்டம் மூன்றாவது வழி என்று சொல்வார்கள். 10 ரூபாய்தான், ஆனால் பதிலுக்கு 30 நாள். மேல்முறையீட்டுக் கெடுவோ 10 நாள். ஜெயித்தவரின் ஆவணங்களை எடுத்து அடுத்த சண்டைக்கு வைத்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், கணக்கு, சான்றிதழ், தேதி பற்றிய தகராறு என்றால் கோட்டை. பாரபட்சம் என்றால் கோர்ட். எதுவானாலும் 10 நாள் முடிவதற்குள் அப்பீலை இடைக்கால உத்தரவு மனுவோடு கொடுத்து ஒப்புகை வாங்கிவிடலாம். அது நிலுவையில் இருக்கும்போதே வேலை உத்தரவு கொடுத்தார்கள் என்றால், ரிட் மனுவின் முதல் பத்தியை அவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி. ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை போன்ற மத்திய அமைப்புகளுக்கு இந்த 11-ஆம் பிரிவு பொருந்தாது. அங்கே நிராகரிப்பைக் கேள்வி கேட்கும் வழி டெண்டர் ஆவணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 சொல்கின்றன. டெண்டர் போடும்போதே அந்தப் பக்கத்தைத் தேடி, கெடு எத்தனை நாள் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.