வெம்ப்ளி, ஹாங்காங், டமாஸ்கஸ்: பிரெஞ்சுப் பள்ளி கட்ட மூன்று வழிகள்

வெளிநாட்டில் இயங்கும் பிரெஞ்சுப் பள்ளி ஒன்றுக்கு இடம் போதாமல் போகும்போது, அதன் நிர்வாகக் குழு பழைய கட்டடத்தை வாங்கிச் சீரமைக்கலாம், காலி மனையில் தான் விரும்பும் கற்பித்தல் முறைக்கேற்பப் புதிதாகக் கட்டலாம், அல்லது அந்த ஊரின் வெயிலையும் காற்றையும் கணக்கில் கொண்டு அதற்கேற்ற கட்டடத்தை எழுப்பலாம். லண்டனின் வெம்ப்ளி, ஹாங்காங், சிரியாவின் டமாஸ்கஸ் ஆகிய மூன்று இடங்களில் இந்த மூன்று வழிகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. மூன்று வயது மழலையர் முதல் பக்கலோரேயா என்னும் பள்ளியிறுதித் தேர்வு எழுதுவோர் வரை பெரும்பாலும் ஒரே வளாகத்தில் பயில்வதால், தூங்கும் அறையும் ஆய்வுக்கூடமும் ஒரே திட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்ற நெருக்கடி மூன்றுக்கும் பொது.

லண்டனில் 1915இல் தொடங்கப்பட்ட தென் கென்சிங்டன் பள்ளியில் இடம் கிடைப்பது கடினமானதால், 2015இல் வின்ஸ்டன் சர்ச்சில் பெயரில் வெம்ப்ளியில் இன்னொரு பள்ளி திறக்கப்பட்டது. அது குடிபுகுந்தது 1940இல் கட்டி முடிக்கப்பட்ட நகரமன்றக் கட்டடத்தில்; பிரென்ட் மாநகராட்சி 2013இல் புதிய அலுவலகத்துக்கு மாறியதால் அது காலியாகியிருந்தது. கூரையும் சுவரும் தயாராக நிற்பதால் காலம் மிச்சமாகும் என்பதே இந்த வழியின் பெரிய கவர்ச்சி. ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருப்பதால், அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும், அது உட்சுவரை இடிப்பதே ஆனாலும், தனி அனுமதி பெற வேண்டும். எழுத்தர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வகுக்கப்பட்ட அறைகளுக்குள் பள்ளியின் கால அட்டவணைதான் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. கட்டடத்தின் கம்பீரம் பெற்றோரைக் கவரும் என்பதை மறுக்க இயலாது. அதன் பராமரிப்புச் செலவு சேர்க்கைக் கையேட்டில் இடம்பெறாது.

ஹாங்காங்கில் விக்டர் செகலன் பள்ளி இதற்கு நேர்மாறான பாதையில் சென்றது. செங் குவான் ஓ பகுதியில் ஹென்னிங் லார்சன் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்து 2018இல் திறக்கப்பட்ட வளாகம் சுமார் 1,100 மாணவர்களுக்கானது. முகப்பை மூடியிருக்கும் பலவண்ண நிழல்தடுப்புகளைத்தான் புகைப்படங்கள் காட்டுகின்றன என்றாலும், உண்மையான துணிச்சல் உள்ளே இருக்கிறது: தொடக்கநிலையில் தாழ்வாரத்தையும் தனித்தனி வகுப்பறைகளையும் கைவிட்டு, ஒரே வயதுப் பிள்ளைகளின் பல வகுப்புகள் ஒரு பொதுக்கூடத்தைப் பகிர்ந்துகொள்ளும் 'வில்லா'க்களாகத் தளத்தைப் பிரித்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் பிரிவு, பன்னாட்டுப் பிரிவு என இரண்டையும் ஒருங்கே நடத்தும் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கலக்கச் செய்யும் இந்த ஏற்பாடு பொருத்தமானதே. எனக்குள்ள தயக்கம் வேறு. இத்தகைய கூடம் ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிட்டால்தான் பயன்படும். பிரான்சிலிருந்து பணிக்கு அனுப்பப்படும் ஆசிரியர்களோ சில ஆண்டுகளில் ஊர் திரும்புகிறவர்கள். ஒரு தலைமுறை ஆசிரியர்களின் உற்சாகத்தைக் கான்கிரீட்டில் வார்த்துவிட்டு, அடுத்து வருபவர்கள் அலமாரிகளை வரிசையாக நிறுத்தித் தடுப்புச் சுவர் எழுப்பிக்கொள்ளும் நிலை பள்ளிகளில் புதிதன்று.

டமாஸ்கஸில் அத்தேலியே லியோன் குழுவினர் வடிவமைத்து 2008இல் திறக்கப்பட்ட சார்ல் தெ கோல் பள்ளி மூன்றிலும் அடக்கமானது. என் கணிப்பில் மூன்றிலும் சிறந்ததும் அதுவே. குளிரூட்டிகளைச் சாராமல் வகுப்பறைகளைக் குளிர்ச்சியாக வைத்திருக்க, சிறு சிறு கட்டடங்களை மரநிழல் முற்றங்களுக்கிடையே அடுக்கி, ஒவ்வொன்றின் மீதும் சூரியப் புகைபோக்கிகளை நிறுத்தினார்கள். வெயில் புகைபோக்கியைச் சூடேற்றும்போது அதனுள் உள்ள காற்று மேலெழுந்து அறையின் வெப்பக் காற்றை இழுத்துச் செல்ல, அதன் இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று முற்றத்திலிருந்தும் மண்ணுக்கடியில் பதித்த குழாய்கள் வழியாகவும் உள்ளே வருகிறது. இரவில் இதே ஓட்டம் கனத்த சுவர்களைக் குளிரவைத்து மறுநாளுக்குத் தயாராக்குகிறது. உள்நாட்டுப் போர் மூண்டு, 2012இல் பிரெஞ்சு அரசு அதிகாரப்பூர்வமாக விலகிக்கொண்ட பின்னும், பெற்றோர் அந்தப் பள்ளியைத் தாங்களே தொடர்ந்து நடத்தினார்கள். பணமும் மின்சாரமும் அருகிப்போன ஊரில், எந்திரங்களை அதிகம் நம்பாத கட்டடம் ஒரு சுமையைக் குறைத்திருக்கும் என்று கருத இடமுண்டு.

எனினும் எந்த வழி தகும் என்பதைக் கட்டடக்கலைஞருக்கு முன்பே நிதிவிதி முடிவு செய்துவிடுகிறது. 1990இல் உருவான வெளிநாட்டுப் பிரெஞ்சுக் கல்வி முகமையின் பள்ளிகளில் சில அதன் நேரடி நிர்வாகத்தில் உள்ளன. மற்றவை ஒப்பந்த அடிப்படையிலோ கூட்டாளிகளாகவோ, பெரும்பாலும் பெற்றோர் சங்கங்களாலும் அறக்கட்டளைகளாலும் நடத்தப்படுகின்றன. பின்னவை வங்கியில் நெடுங்காலக் கடன் பெறலாம். முகமையோ, 2010இல் இயற்றப்பட்ட பிரெஞ்சுச் சட்டத்தால் 12 மாதங்களுக்கு மேற்பட்ட கடனை வாங்க முடியாத நிலையில் வைக்கப்பட்டது. ஆகவே நேரடி நிர்வாகப் பள்ளி ஒன்று பெரும்பாலும் கட்டணத்தில் மிச்சம்பிடித்த தொகையை நம்பியே கட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு ஹாங்காங் பாணியில் ஒரே மூச்சில் எழும் பெருவளாகம் எட்டாத கனி.

1826இல் தொடங்கிய புதுச்சேரிப் பிரெஞ்சுப் பள்ளி இந்த நேரடி நிர்வாக வகையைச் சேர்ந்தது என்பதால், டமாஸ்கஸ் மாதிரி நமக்கு அருகில் பொருந்துமா என்ற கேள்வி எழுவது இயல்பு. சிறு சிறு கட்டடங்களாகப் பிரிந்திருப்பதால், கையில் பணம் சேரச் சேர ஒவ்வொன்றாகக் கட்டலாம் என்ற அளவில் பொருந்தும். வறண்ட மேட்டுநில ஊரான டமாஸ்கஸில் இரவு நன்றாகக் குளிர்கிறது. புதுச்சேரியின் கோடை இரவு புழுங்குகிறது. எனவே இரவுக்காற்றால் சுவரைக் குளிரவைக்கும் உத்தி இங்கே பெரிதாகப் பலிக்காது. நிழல் முற்றமும், எதிரெதிர்ச் சன்னல்களும், அகன்ற தாழ்வாரமும் பலிக்கும்.