முடோம்போவும் பென் வாலஸும்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைத் தலா 4 முறை வென்ற டிகெம்பே முடோம்போவும் பென் வாலஸும் வளையத்தருகே ஆடும் ‘சென்டர்’ இடத்தை இரு வேறு வழிகளில் காத்தவர்கள். கின்ஷாசாவில் பிறந்து, 1991இல் டென்வர் அணிக்கு வந்த 7 அடி 2 அங்குல முடோம்போ, வளையத்தருகே நின்று 3,289 எறிதல்களைத் தடுத்ததோடு, தடுத்தபின் ஆள்காட்டி விரலை இடவலமாக ஆட்டி ‘இங்கே நடக்காது’ என்று உணர்த்துவார். 1994இல் 8ஆம் நிலையில் இருந்த டென்வர், முதல் நிலை சியாட்டிலை வீழ்த்தியபோது, தரையில் மல்லாந்தபடி பந்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு அவர் பூரித்த காட்சி மறக்கக்கூடியதன்று.

1996இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத வாலஸோ அவரைவிட ஏறத்தாழ 5 அங்குலம் குறைந்தவர். அதைக் கால் வேகத்தாலும் உடல் வலிமையாலும் ஈடுகட்டி, 2004 இறுதிச்சுற்றில் எதிரணியின் சென்டர் ஷக்கீல் ஓனீலை எதிர்கொண்டு, தம் டெட்ராய்ட் அணி கோப்பையை வெல்லத் துணைநின்றார். முடோம்போவுக்குக் கோப்பை கடைசிவரை வாய்க்கவில்லை. எதிரணியின் விதிமீறலுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதலான ஃப்ரீ த்ரோவில் வாலஸ் மிகப் பலவீனமானவர்தான். ஆயினும் வளையத்தை விட்டு வெளியே வந்தும் காக்க வல்லவர் என்பதால், நான் அவரையே முதலில் தேர்வேன்.