சைக்கிள் சக்கரத்து நடுவுல இருக்குற ஹப்ப துடைக்கவே விடல, அப்புறம் எப்படி விலை பேசுறது?

இந்த லீவுல ஊர்ல இருந்த மத்த வேலையெல்லாம் கடகடன்னு முடிஞ்சிருச்சு, அத விடுங்க. பழைய சைக்கிள் ஒண்ணு பார்க்கப் போன கதை மட்டும் இன்னும் மனசுல கெடந்து குடையுது.

விக்கிறவர் போன்ல போட்டோ அனுப்பியிருந்தார். "1930 மாடல், ஒரிஜினல் ராலே, இங்கிலாந்து மேக்." கம்பி பிரேக், லெதர் சீட்டு, மூணு கியர், முன்னாடி கொக்குத் தல போட்ட பேட்ஜ். அரைப் பெடல் அடிச்சுப் பழகுன ஆளுங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும், அன்னிக்கே கிளம்பிட்டேன்.

நேர்ல போனா பிரேம் முழுக்க புதுசா கருப்பு பெயிண்ட். சீட்டுக்குக் கீழ ஜாயின்ட்ல இருக்குற நம்பர் பெயிண்டுல ரொம்பிப் போயி 3ஆ 8ஆன்னே தெரியல. பேட்ஜ நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது, அது தனியாவே விக்குது. அதுவும் 1960ல ராலேயும் ஹெர்குலிஸ், பிலிப்ஸ் மாதிரி மத்த சைக்கிள் கம்பெனிகளும் ஒரே குடைக்குள்ள வந்தப்புறம் பேர வச்சு எதையும் முடிவு பண்றது கஷ்டம். ராலேயோட பழைய பெடல் சக்கரத்துல கொக்குத் தல வெட்டியிருப்பாங்க, இதுல வெறும் சக்கரம். சரி, பின் ஹப்புல வருஷம் அடிச்சிருப்பாங்களே, அத பார்ப்போம்னு கர்சீஃப எடுத்துக் குனிஞ்சேன்.

"சார் சார், துடைச்சிராதீங்க, அந்த அழுக்குதான் சார் ஆன்டிக்கு!"

பிரேம்ல ஒரு இன்ச் விடாம பெயிண்ட் அடிச்ச மனுஷனுக்கு ஹப்பு அழுக்கு மேல அவ்ளோ பாசம். எவ்ளோ கெஞ்சியும் விடல. வெளிநாட்டுல நான் இருக்குற இடத்துல பழைய சைக்கிள் விக்கிறவங்க பிரேம் நம்பர், ஹப் நம்பர், முன்சக்கரத்தப் பிடிச்சிருக்குற ஃபோர்க் க்ளோசப் எல்லாம் கேக்காமலே அனுப்பிருவாங்க. ஆனா அங்க ஒரு மெக்கானிக்க கூட வந்து பாருங்கன்னு கூப்பிட்டா அப்பாயின்ட்மென்ட், மணிக்கணக்கு சார்ஜு. இங்க தெருமுனைல பஞ்சர் ஒட்டிட்டு இருந்த பெரியவர்கிட்ட விஷயத்த சொன்னதுதான், கைய துடைச்சிட்டு பின்னாடியே வந்துட்டாரு.

அவர் பேட்ஜ திரும்பிக்கூட பார்க்கல. ஹேண்டில் பாருக்குக் கீழ, முன் கழுத்துல இருந்து இறங்குற குழாயோட அடிப்பக்கத்த கட்டை விரலால தடவுனாரு. "மோதுன வண்டின்னா இங்க சுருக்கம் விழுந்திருக்கும் தம்பி, எவ்ளோ பெயிண்ட் அடிச்சாலும் கைக்குத் தெரியும்." அது இல்ல. பக்கவாட்டுல நின்னு ஃபோர்க் பின்னாடி தள்ளியிருக்கான்னு பார்த்தாரு, பெடல ஆட்டி, பெடல் கைய அச்சோட இறுக்கிப் பிடிக்கிற காட்டர் பின் லூஸான்னு பார்த்தாரு. அப்புறம் யார்கிட்டயும் கேக்கல, மண்ணெண்ணெய் துணிய எடுத்து ஹப்புல ஒரே தேய்ப்பு. விக்கிறவர் வாயத் தொறக்குறதுக்குள்ள எழுத்து பளிச்சுன்னு வந்துருச்சு: ஸ்டர்மி ஆர்ச்சர், ஏ.டபிள்யூ, 62, அதுக்குப் பக்கத்துல 5. அதாவது கியர் ஹப் செய்யுற கம்பெனி பேரு, மாடல் பேரு, அப்புறம் செஞ்ச தேதி 1962 மே.

ஏ.டபிள்யூ ஹப்பே 1936லதான் வந்துச்சு, அதனால 1930 கதை அங்கயே காலி. அதுக்காக வண்டியே 62ன்னும் சொல்லிட முடியாது, சக்கரம் பின்னாடி மாத்துனதா இருக்கலாம். பிரேம் நம்பர் தெரியாத வரைக்கும் இது நாலஞ்சு வண்டிய சேர்த்துக் கோத்ததுன்னு வச்சுதான் விலை போடணும். ஒரிஜினல் பெயிண்ட் கீறலும் துருவுமா இருந்திருந்தா கூட கூடுதலா குடுத்திருப்பேன், மறுபெயிண்டுல சாட்சியே அழிஞ்சு போகுது. தேறுனது அந்த ஹப்பு, அதோட கியர் லிவர், ரிவெட்ட சுத்தி கிழிசல் இல்லாத அந்த லெதர் சீட்டு, அவ்ளோதான். சந்தைல என்ன கேக்குறாங்கங்கிறத விட்டுட்டு, கடைசியா என்ன விலைக்குப் போச்சுன்னு பார்த்து, இந்த மூணுக்கும் கணக்குப் போட்டு சொன்னேன்.

விக்கிறவரு ஹப்ப உத்துப் பார்த்துட்டு, "நம்பரெல்லாம் கிளியரா இருக்கே சார், அப்ப ரேட்டு இன்னும் ஏறும்"ங்கிறாரு! பெரியவர் சத்தமா சிரிச்சிட்டு கடைக்குக் கிளம்பிட்டாரு, நானும் பின்னாடியே நடந்துட்டேன்.

இப்ப வேற ஒருத்தர்கிட்ட பேசிட்டு இருக்கேன். ஹப்ப துடைச்சு ஒரு போட்டோ அனுப்புங்கன்னு கேட்டதுக்கு "பார்க்கிறேன் சார்"னு பதில் வந்திருக்கு.