லைசென்ஸ் முடங்கிய மூன்று மாதம்: காத்திருப்பதா, அப்பீலா, மதுரையா?

பாம்பனில் குட்டி யானை ஓட்டும் என் மச்சான் ஒரு மார்ச் மாதத் தொடக்கத்தில் உச்சிப்புளிப் பக்கம் மாட்டினார். பின்னால் வலை மூட்டை, மூட்டைக்கு மேல் ஆறு பேர். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றிய குற்றம். லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே டீக்கடையில் நாலு யோசனை கிடைத்துவிட்டது. பேசாமல் மூன்று மாதம் இரு, அப்பீல் போடு, மதுரை ஹைகோர்ட்டில் ரிட் மனு போடு, நமக்குத் தெரிந்த புரோக்கர் ஒருத்தர் இருக்கார்.

எதில் இறங்குவதற்கு முன்னும் அந்த ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரை ஓட்டுநர்களில் பாதிப் பேர், ரசீது சட்டைப் பையில் இருந்தால் வண்டி ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 206ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, நேர் எதிராக இருக்கிறது. அதிவேகம், குடிபோதை, ஹெல்மெட் இல்லாதது, பைக்கில் மூன்று பேர் போவது போன்றவற்றுக்காக லைசென்ஸைப் பிடுங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பினால், அந்த ரசீது வெறும் அத்தாட்சிதான். லைசென்ஸ் திரும்பிக் கைக்கு வரும்வரை ஓட்ட அது அனுமதி தராது. இன்னொன்று, போலீஸ் லைசென்ஸை வாங்கி அனுப்பத்தான் முடியும். முடக்கி உத்தரவு போடுவது ஆர்.டி.ஓ.வின் வேலை. அதற்கு முன் நம்மிடம் விளக்கம் கேட்டாக வேண்டும்.

அந்த ஷோகாஸ் நோட்டீஸ்தான் டீக்கடையில் யாருமே சொல்லாத ஐந்தாவது வழி. என் கணக்கில் அதுதான் முதல் வழி. வக்கீல் தேவையில்லை, செலவு ஒரு வெள்ளைத்தாள், ராமநாதபுரத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். சம்பவம் பொய் என்றால், அல்லது அன்று வண்டியை ஓட்டியது நீங்கள் இல்லை என்றால், அதைச் சொல்ல இதைவிட மலிவான இடம் கிடையாது. லோடு ஏற்றிய பில், வண்டி வேறு ஊரில் நின்றதற்கான டோல் ரசீது, எது இருந்தாலும் நகல் எடுத்து இணைக்கலாம்.

உண்மையிலேயே தப்பு செய்தவருக்கு இதில் என்ன லாபம்? மச்சானும் இதைத்தான் கேட்டார். தண்டனை குறையும் என்று நான் சொல்லவில்லை. ஹெல்மெட், அதிவேகம் மாதிரியானவற்றுக்கு முதல் தடவை மூன்று மாதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, போன் பேசிக்கொண்டே ஓட்டுவது போன்றவற்றுக்கும் மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015லேயே சொல்லிவிட்டது. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. உத்தரவில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதுகிறார்களோ, அதுதான் கணக்கு. நோட்டீஸை வாங்காமல் ஒளிந்து திரிந்தால் லைசென்ஸும் கையில் இருக்காது, நாளும் ஓடத் தொடங்காது. மூன்று மாதம் ஐந்து மாதமாவது இப்படித்தான்.

மச்சான் போனார், ஒத்துக்கொண்டார், மார்ச் 20 முதல் ஜூன் 19 வரை என்று உத்தரவு வந்தது. இங்கேதான் ராமநாதபுரம் கடற்கரைக்கே உரிய கணக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், மீன் லோடும் படுத்துவிடும். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், அதற்கு ஒரு வண்டி போதும். அவருடைய 92 நாளில் 61 நாள் தடைக்காலத்துக்குள் போய்விட்டது. உண்மையான நட்டம் 31 நாள். இந்த நிலையில் அப்பீலுக்கு அலைவது வீண் வேலை என்று நான் சொன்னேன், அவரும் தலையாட்டினார்.

இதே உத்தரவு ஜூன் கடைசியில் வந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். தடை முடிந்து படகுகள் இறங்கும் நேரத்தில் வண்டி நிற்பது வேறு கதை.

அப்பீலுக்கு உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். 19ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மேல் அதிகாரி இரண்டு பக்கமும் கேட்டு முடிவு சொல்வார். அந்த மட்டத்தில் அதுவே இறுதி. ஆனால் அப்பீல் போட்ட கையோடு லைசென்ஸ் உயிர் பெறாது. விசாரணைக்குத் தேதி வாங்கி முடிவு வருவதற்குள் மூன்று மாதத்தில் பெரும்பகுதி ஓடிவிடலாம். ஆகவே மூன்று மாத முடக்கத்துக்கு அப்பீல் பெரும்பாலும் மானப் பிரச்சினைதான். ஆறு மாதம், ஒரு வருஷம் அல்லது லைசென்ஸே ரத்து என்றால் யோசிக்காமல் போடுங்கள்.

மதுரைக் கிளையில் ரிட் போடுவது இதைவிடக் கனமான ஆயுதம். நோட்டீஸே தராமல், விளக்கமே கேட்காமல் முடக்கியிருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. அப்படிப்பட்ட உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. விபத்து வழக்கில் எஃப்.ஐ.ஆர். ஒன்றை மட்டும் வைத்து நீண்ட காலத்துக்கு முடக்கப்பட்ட பஸ், லாரி ஓட்டுநர்கள் அங்கே போகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. குட்டி யானையில் ஆள் ஏற்றியதற்கு வக்கீல் ஃபீஸும் மதுரைக்கும் பாம்பனுக்கும் நடையும் கட்டுப்படியாகாது. குடிபோதை வழக்கில் நீதிமன்றமே ஓட்டத் தகுதியில்லை என்று தீர்ப்பில் சொல்லியிருந்தால் பாதை வேறு. அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறையிட்டுப் பயனில்லை, மேல் நீதிமன்றம்தான்.

புரோக்கர் விஷயத்துக்கு நாலு வரி போதும். "வேற மாவட்டத்துல புது எல்.எல்.ஆர். போட்டுத் தர்றேண்ணே" என்பார். லைசென்ஸ் விவரங்கள் இருக்கும் 'சாரதி' கணினியில் நாடு முழுக்க ஒரே பதிவு. முடக்கத்தில் இருக்கும்போது புது லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பதே 182ஆம் பிரிவில் குற்றம். மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். முடக்கத்தில் வண்டி ஓட்டினாலும் அதே தண்டனை.

ஓட்டுநரைவிட வண்டிக்காரர், அதாவது வண்டியின் சொந்தக்காரர், அதிகம் பயப்பட வேண்டும் என்பேன். தெரிந்தே வண்டியைக் கொடுத்தால் அவருக்கும் 5,000 ரூபாய் அபராதமோ சிறையோ இரண்டுமோ உண்டு. அது சின்னக் காசு. பாம்பன் பாலத்தில் எதிரே வந்த பைக்கில் மோதிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தார் என்று வண்டிக்காரரிடமே வசூலிக்க வழி இருக்கிறது. மச்சானின் வண்டிக்காரர் இதைக் கேட்டதும் சாவியை வாங்கி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டார்.

காத்திருப்பவர்கள் கோட்டை விடுவது கடைசி வாரத்தில். தேதி முடிந்தால் தானாக வந்துவிடும் என்று இருக்கக் கூடாது. 2019 திருத்தப்படி, புத்தாக்கப் பயிற்சி முடித்தவருக்குத்தான் லைசென்ஸ் திரும்பும். அதை எங்கே, எப்போது நடத்துகிறார்கள் என்று உத்தரவு வாங்கும் அன்றே அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இடையில் லைசென்ஸின் காலாவதித் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

மச்சான் மே மாதமே பயிற்சியை முடித்துவிட்டார், வேறு வேலையும் இல்லை. ஜூன் 15 விடியற்காலையில் படகுகள் இறங்கின. அவர் படகுத் துறையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் ஓட்டிவந்த, இப்போது இன்னொருத்தர் ஓட்டும் வண்டியில் ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து நாள் பாக்கி.